இருட்டில் கல் உடையும்போது வரும் ஒளி: பார்க்கும் முறையும் பதிவு செய்யும் முறையும்

இரண்டு வெங்கச்சாங்கற்களை இருட்டறையில் அழுத்தி உரசினால், உரசும் இடத்திலிருந்து கல்லுக்குள்ளேயே ஒரு மஞ்சள் ஒளி பரவி மறையும். கல்லை நசுக்கி உடைத்தாலும் விரிசல் ஓடும் கோட்டில் ஒளி வரும், ஆனால் அது மிக மங்கலானது, மிகக் குறுகிய நேரமே இருப்பது. இதைச் செய்து பார்க்க மதுரைச் சுற்றுவட்டாரம் நல்ல இடம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் செவக்காடுகளில் வெங்கச்சாங்கல் காலில் இடறும். கிரானைட் அறுக்கும் கடைகளில் கழிவுத் துண்டுகள் குவிந்து கிடக்கும். ஒளியைப் பார்ப்பது எளிது. பார்த்தது கல்லின் ஒளிதானா, இரும்பின் தீப்பொறியா, கண்ணின் மயக்கமா என்று பிரித்தறிவதில்தான் உழைப்பு இருக்கிறது. கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் அதற்காகவே வைத்தவை.

ஒளி எங்கிருந்து வருகிறது

கல் விரியும்போது விரிசலின் இரு முகங்களிலும் எதிரெதிர் மின்னூட்டம் தங்குகிறது. குவார்ட்ஸில் (வெங்கச்சாங்கல்லின் கனிமப் பெயர் இதுதான்) இதற்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. அதன் படிக அமைப்பில் மையச் சமச்சீர் (மையத்தின் எதிரெதிர்ப் புறங்கள் ஒன்றுபோல் அமையும் ஒழுங்கு) கிடையாது, அதனால் அழுத்தினாலே மின்னூட்டம் பிரியும். ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவு இது. கேஸ் அடுப்பு லைட்டரை அமுக்கும்போது பொறி விழுவதும் இதே விளைவால்தான். விரிசலின் இடைவெளியில் மின்புலம் காற்றின் தாங்குதிறனை மீறியதும் (சாதாரணமாக மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட், நுண்ணிய இடைவெளியில் இன்னும் கூடுதல்) குட்டி மின்னல் போல மின்னிறக்கம் நடக்கிறது. அப்போது ஒளிர்வது கல் அல்ல, காற்றிலுள்ள நைட்ரஜன். அதன் வலுவான வரிகள் 337, 357, 380 நானோமீட்டர் அலைநீளங்களில், அதாவது புறஊதாவில் விழுகின்றன. கண்ணுக்கு எட்டுவது அதன் ஓரத்து நீலம் மட்டுமே.

பிரேடி, ரோவெல் என்ற இரு ஆய்வாளர்கள் பாறைகளை வெவ்வேறு வாயுக்களில் உடைத்து நிறமாலை எடுத்து 1986இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சுற்றியிருந்த வாயு எதுவோ, அதன் வரிகளே ஒளியில் தெரிந்தன. மின்னிறக்க விளக்கத்துக்கு இது வலுவான சான்று.

ஆனால் உரசும்போது வரும் மஞ்சள் ஒளிக்கு அது முழு விளக்கம் ஆகாது. அங்கே இன்னும் இரண்டு காரணங்கள் சேருகின்றன. சிலிக்கன்–ஆக்ஸிஜன் பிணைப்பு அறுந்த இடங்கள் கிளர்ச்சியுற்று, அவற்றில் சில 650 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பிலும் சில 450ஐ ஒட்டிய நீலத்திலும் ஒளி விடுகின்றன. உரசும் முனைகள் ஒரு கணம் பழுக்கக் காய்ந்து மஞ்சளாக எரிவதும் உண்டு. எந்தக் காரணத்தின் பங்கு எவ்வளவு என்பது நாம் கல்லை உடைக்கிறோமா, அறுக்கிறோமா, உரசுகிறோமா என்பதைப் பொறுத்தது. “கல்லின் ஒளி நீலமா மஞ்சளா” என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாததற்குக் காரணம் இதுவே.

இந்த மூன்றோடும் சேராதது இரும்பின் பொறி. சுத்தியலோ இரும்புத் தகடோ குவார்ட்ஸில் உரசினால், சிதறும் இரும்புத் துகள் காற்றில் எரிந்து பறக்கும். அது மற்ற மூன்றையும்விடப் பல மடங்கு பிரகாசமானது. அதைப் பார்த்துவிட்டுக் கல் ஒளிர்ந்தது என்று எழுதிவைப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

அறையை இருட்டாக்குதல்

மொட்டைமாடியில் செய்யாதீர்கள். அமாவாசை அன்றும் மதுரை நகரத்து வானம் தெருவிளக்குகளால் வெளுத்தே இருக்கும். வீட்டின் நடுவில் உள்ள ஸ்டோர் ரூம், ஜன்னல் இல்லாத குளியலறை, பட்டறையின் உள்ளறை இவை நல்லவை. கதவிடுக்கில் ஈரச்சாக்கைத் திணிக்கலாம். வென்டிலேட்டருக்குக் கருப்புப் பாலித்தீன் தாளை இரண்டு மடிப்பாக ஒட்ட வேண்டும், ஏனென்றால் ஒற்றைத் தாளில் தெருவிளக்கு ஊடுருவித் தெரியும். இன்வெர்ட்டர், கொசு விரட்டி, சுவிட்சுப் பெட்டி இவற்றின் சிறு விளக்குகளைக் கருப்பு டேப்பால் மூடுங்கள். கைபேசி அறைக்குள் இருந்தால் அணைத்தே இருக்கட்டும். இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர், ரேடியம் முள் கடிகாரம் எல்லாம் வெளியே போக வேண்டும்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு 20 நிமிடம் உட்காருங்கள், 30 நிமிடம் என்றால் இன்னும் நல்லது. மங்கிய ஒளியைப் பார்க்கும் குச்சி செல்கள் முழு உணர்திறனுக்கு வர அவ்வளவு நேரம் தேவை. நடுவில் யாராவது ஒரு நொடி டார்ச் அடித்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாமல் முடியாது என்ற இடத்தில் மிக மங்கலான அடர்சிவப்பு விளக்கு மட்டும். குச்சி செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது.

அறை உண்மையில் இருட்டா என்று சோதிக்கும்போது உங்கள் கையையே ஆட்டிப் பார்க்காதீர்கள். முழு இருட்டிலும் தன் கை அசைவதைப் “பார்ப்பது” மனித மூளையின் இயல்பு. இன்னொருவரை ஒரு அடி தள்ளி விரல்களை நீட்டச் சொல்லி, எத்தனை விரல் என்று கேட்கச் சொல்லுங்கள். சரியாகச் சொல்ல முடிந்தால் எங்கோ ஒளி கசிகிறது.

நேரே பார்க்கும்போது ஒளி விழும் இடமான விழித்திரையின் நடுப்பள்ளத்தில் குச்சி செல்கள் கிடையாது. அதனால் கல்லை நேரே முறைக்காமல் ஓரிரு அங்குலம் பக்கவாட்டில் பார்வையை நிறுத்துங்கள். மங்கிய ஒளியில் நிறம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். “வெள்ளையாக இருந்தது” என்று ஒருவர் சொன்னால் ஒளி குறைவாக இருந்தது என்று மட்டுமே அதற்குப் பொருள்.

முதலில் கல்கண்டு

கல்லைத் தொடுவதற்கு முன் கல்கண்டில் பார்த்துவிடுங்கள். அறையும் கண்ணும் தயாரா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. கடினமான சர்க்கரையை இருட்டில் உடைத்தால் பொறி தெரியும் என்று பிரான்சிஸ் பேக்கன் 1620இலேயே எழுதியிருக்கிறார். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கிடைக்கும் பெரிய கட்டிக் கல்கண்டு வாங்குங்கள், ஒரு துண்டு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பனங்கற்கண்டு வேண்டாம், அதன் பழுப்பு நிறமே ஒளியை விழுங்கிவிடும். துண்டை ஜிப் பையில் போட்டு, குறட்டின் வாயில் பையோடு வைத்துச் சட்டென்று நொறுக்குங்கள். உடையும் கணத்தில் வெளிறிய நீலம் தெரிய வேண்டும்.

தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் கல்கண்டு வெளியே இருந்தால் அதன் மேல் ஈரப்படலம் படியும், மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒளியைக் கூட்ட வேண்டுமானால் விண்டர்கிரீன் எண்ணெய் உதவும். வலித் தைலங்களில் சேரும் மெத்தில் சாலிசிலேட் இதுதான். அது நைட்ரஜனின் புறஊதாவை உறிஞ்சிக் கண்ணுக்குத் தெரியும் நீலமாகத் திருப்பித் தரும். 100 கிராம் கல்கண்டுக்கு நான்கைந்து சொட்டு விட்டுக் குலுக்கி ஒரு நாள் மூடி வையுங்கள். அந்த டப்பாவில் “தின்னக்கூடாது” என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது கட்டாயம். இந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி அளவு வயிற்றுக்குள் போனாலே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

கல்லைத் தேர்தல்

வேண்டியது பால் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ். உறுதி செய்ய மூன்று சோதனைகள் போதும். பழைய கண்ணாடித் துண்டில் அழுத்தி இழுத்தால் கீறல் விழ வேண்டும், கத்தி முனையால் கல்லைக் கீறினால் கல்லில் பள்ளம் விழக்கூடாது. உடைந்த முகம் சிப்பி போல வளைந்திருக்க வேண்டும். பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கக்கூடாது, நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். ஃபெல்ஸ்பார் என்ற இன்னொரு கனிமமும் கண்ணாடியைக் கீறும் என்பதால் அதனோடு குழப்பம் வரும். ஃபெல்ஸ்பார் தட்டையான, மினுங்கும் முகங்களாக, ஏறத்தாழ செங்கோணத்தில் பிளக்கும். குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது.

வைகை மணலில் கிடைக்கும் உருண்டைக் கூழாங்கல் கையில் வழுக்கும், மேல்தோல் மங்கியும் இருக்கும். அதை உடைத்துப் புது முகம் எடுத்தால் பயன்படும். செம்மண் கறை ஏறிய கல்லைப் பிரஷ் போட்டுக் கழுவுங்கள், கறை உள்ளே ஊறியிருந்தால் வேறு கல் பாருங்கள்.

கல்லைச் சொந்த நிலத்திலோ, கேட்டுவிட்டு ஒருவர் வயல் வரப்பிலோ, கடைக் கழிவிலோ எடுங்கள். யானைமலை, கீழக்குயில்குடிச் சமணர் மலை, மாங்குளம், கீழவளவு ஆகிய குன்றுகளில் ஒரு சில்லுகூடப் பெயர்க்காதீர்கள். தமிழ் பிராமிக் கல்வெட்டும் வட்டெழுத்தும் சமணச் சிற்பங்களும் உள்ள பாறைகள் அவை. அரிட்டாபட்டி 2022இல் அறிவிக்கப்பட்ட பல்லுயிர் மரபுத் தலம். அழகர்மலை காப்புக்காடு. ஒளி பார்க்க ஒரு கிலோ வெங்கச்சாங்கல் போதும், அதற்காக இரண்டாயிரம் ஆண்டுப் பாறையில் உளி வைப்பதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

உரசிப் பார்த்தல்

முஷ்டி அளவில், 300 முதல் 500 கிராம் வரை எடையுள்ள இரண்டு கற்கள் போதும். ஒன்றில் தட்டையான முகமும் மற்றொன்றில் ஒரு விளிம்பும் இருந்தால் நல்லது. கழுவி ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். தோல் கையுறை (வெல்டிங் செய்பவர்கள் போடுவது), கண்ணைக் காக்கும் கண்ணாடி, என்95 முகமூடி மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் சில்லு பிளேடு போல அறுக்கும். அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. கல் உடைக்கும் தொழிலாளர்களைக் கொல்லும் சிலிக்கோசிஸ் நோய் இந்தத் தூசியால்தான் வருகிறது.

தட்டைக் கல்லைத் தொடைமேல் வைக்காமல் தரையில், கோணி விரித்து அதன்மேல் வையுங்கள். மேல்கல்லை முழு உடல் எடையோடு அழுத்தி நாலைந்து சென்டிமீட்டர் வேகமாக இழுங்கள். தட்டுவதால் பயன் குறைவு, அழுத்தம் குறையாமல் இழுப்பதே முக்கியம். ஒளி தொடும் புள்ளியில் தொடங்கி, கல்லின் உட்சிதறலால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை பரவித் தெரியும். கருகியது போன்ற ஒரு வாசமும் எழும். பத்துப் பன்னிரண்டு இழுப்பில் முகத்தில் மாவு போலப் பொடி படிந்து ஒளி மங்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பின் தொடருங்கள். வாயால் ஊதாதீர்கள்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. இதை விட்டுவிடாதீர்கள். மேல்பகுதியை வெட்டிய 20 லிட்டர் தண்ணீர் கேனிலோ ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டியிலோ நீர் நிரப்பி, இரு கற்களையும் முழுதாக மூழ்கடித்து உரசுங்கள். காற்றில் எரிந்து பறக்கும் பொறிக்கு இங்கே வழியில்லை. ஆனாலும் மஞ்சள் ஒளி தெரியும். நீங்கள் பார்ப்பது தீப்பொறி அல்ல என்பதற்குக் கையளவு நீரில் கிடைக்கும் சான்று இது. தூசியும் பறக்காது, அதனால் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியிருந்தால் இந்த முறையில் மட்டும் காட்டுங்கள். அப்போதும் கையுறை அவசியம்.

ஒப்பீட்டுக்கு ஒருமுறை இரும்பு அரத்தால் கல்லை உரசிப் பாருங்கள். பொறி கல்லை விட்டு வெளியே வளைந்து பறக்கும், சில சமயம் நுனியில் கிளை பிரியும். கல்லின் ஒளி கல்லை விட்டு நகராது. இந்த வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால் பின்னால் வரும் அழுத்தச் சோதனையில் படங்களைப் பிரித்தறிய எளிதாகும்.

நசுக்கி உடைத்தல்: பிரஸ் வேலை

பட்டறைகளில் பேரிங் இறக்கப் பயன்படுத்தும் 10 டன் ஹைட்ராலிக் பிரஸ் போதும். கணக்கு இது. கிரானைட்டின் அழுத்த வலிமை பொதுவாக 100 முதல் 250 மெகாபாஸ்கல் வரை (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன்). சமையல் மேடைக்கு வரும் பலகை ஏறக்குறைய 20 மி.மீ. தடிப்பு. அதிலிருந்து 20 மி.மீ. கனசதுரம் அறுத்தால் அழுந்தும் பரப்பு 400 சதுர மி.மீ. வலிமை 150 மெகாபாஸ்கல் என்றால் உடைக்க 60 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 6 டன் தேவை. 200 என்றால் 80 கிலோநியூட்டன், 8 டன்னைக் கொஞ்சம் தாண்டும். 25 மி.மீ. கனசதுரம் எடுத்தால் 200 மெகாபாஸ்கலில் 125 கிலோநியூட்டன் ஆகிவிடும், 10 டன் பிரஸ் தாங்காது. 20ஐத் தாண்டாதீர்கள்.

பிரஸ்ஸில் அழுத்தமானி இருந்தால் சுமையைக் கணக்கிடலாம். ராமின் (பிரஸ்ஸில் அழுத்தும் உருளைத் தண்டின்) விட்டம் 40 மி.மீ. என்றால் பரப்பு 1257 சதுர மி.மீ., மானி 477 பார் காட்டும்போது சுமை 60 கிலோநியூட்டன்.

துண்டுகளைக் கடையிலேயே நீர்விட்டு அறுக்கச் சொல்லுங்கள். பெரிய மணிகள் உள்ள கல்லாகப் பாருங்கள், அதில் கண்ணாடி போலச் சாம்பல் நிறத்தில் தெரிபவை குவார்ட்ஸ். பாலிஷ் போட்ட பலகையில் எபாக்ஸி ரெசின் ஊறியிருக்கும், அடியில் வலை ஒட்டியும் இருக்கலாம். ரெசின் தானே ஒளிரக்கூடும் என்பதால் பாலிஷ் முகத்தை இரண்டு மி.மீ. அறுத்து நீக்குங்கள், அல்லது பாலிஷ் போடாத கழிவையே கேளுங்கள். ஒப்பீட்டுக்குக் கடையில் “கருப்பு கிரானைட்” என்று விற்பதில் சில துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ, குவார்ட்ஸ் மிகக் குறைவு. அதிலும் ஒளி வந்தால் குழம்ப வேண்டாம். உடைந்த முகங்களில் மின்னூட்டம் பிரிய அழுத்தமின் விளைவு ஒன்றே வழி என்றில்லை, குவார்ட்ஸ் இல்லாத பாறைகளிலும் ஒளி பதிவாகியிருக்கிறது.

ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஆறு துண்டு தயாராக இருக்கட்டும். 105 டிகிரி செல்சியஸில் 24 மணிநேரம் உலர்த்துவது சிறந்தது. அடுப்பு வசதி இல்லை என்றால் சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று நாள் காயவைத்துச் சிலிக்கா ஜெல்லோடு அடைத்து வையுங்கள். அறுத்த கல் வெளியே உலர்ந்து தெரிந்தாலும் உள்விரிசல்களில் நீர் இருக்கும். உலர்த்தாத துண்டுகளில் ஒளியே பதிவாகாமல் போவது சாதாரணம்.

கல்லின் மேலும் கீழும் 2 மி.மீ. அலுமினியத் தகடு வையுங்கள். இரும்பும் கல்லும் நேரே தொடக்கூடாது என்பதே நோக்கம், அலுமினியம் அந்தப் பொறியைத் தடுக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. மென்மையான அலுமினியம் பக்கவாட்டில் பிதுங்கிக் கல்லை விரிக்க முயலும், அதனால் கல் செங்குத்தாகப் பிளந்து, வலிமை குறைவாகப் பதிவாகும். ஒளியைப் பார்க்கும் வேலைக்கு அது பரவாயில்லை. வலிமை எண் வேண்டியவர்கள் அதைத் தனியே அளக்கட்டும்.

கவசம் இல்லாமல் ஒரு துண்டும் உடைக்காதீர்கள். 20 மி.மீ. கனசதுரத்தில் உடையும் நேரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சில ஜூல்தான். ஆனால் பிரஸ் சட்டமும் எண்ணெயும் இழுபட்டு வைத்திருக்கும் ஆற்றல் அதைவிட அதிகம், அத்தனையும் ஒரே கணத்தில் சில்லுகளைத் தள்ளும். நான்கு பக்கமும் 6 மி.மீ. பாலிகார்பனேட் தகடு வேண்டும். அக்ரிலிக் தகடு புறஊதாவைக் கொஞ்சம் கூடுதலாக விடும் என்றாலும் அடிபட்டால் நொறுங்கும், அதை ஆசைப்படாதீர்கள். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக்கூடாது. உயரழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஊசிக்குத்து போலத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் பம்ப் பிடியில், மற்றவர் கேமராவில். மங்கிய சிவப்பு விளக்கில் கல்லை நடுவில் வைத்து, தகடு கல்லைத் தொடும் வரை இறக்கி, கவசத்தை மூடி, விளக்கை அணைத்துவிட்டுப் பம்ப் அடிக்கத் தொடங்குங்கள். பாதிச் சுமையில் நிறுத்திவிட்டுக் கவசத்தைத் திறந்து எட்டிப் பார்ப்பது ஆபத்து. நிறுத்திய சுமையிலும் விரிசல் மெல்ல வளர்ந்து கல் தானாக வெடிக்கும். சந்தேகம் வந்தால் முதலில் வால்வைத் திறந்து சுமையை முழுதாக இறக்குங்கள்.

கல்லூரி ஆய்வகம் கிடைத்தால்

கட்டடவியல் துறை உள்ள பொறியியல் கல்லூரிகளில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கும் 2000 கிலோநியூட்டன் இயந்திரம் இருக்கும். அதில் 20 மி.மீ. கல்லை வைத்தால் மானியின் அடிப்பகுதியிலேயே எல்லாம் முடிந்துவிடும். 50 மி.மீ. கனசதுரம் வையுங்கள், 150 மெகாபாஸ்கலுக்கு 375 கிலோநியூட்டன் ஆகும்.

அதைவிட நாம் பரிந்துரைப்பது வட்டுச் சோதனை. 54 மி.மீ. விட்டம், 27 மி.மீ. தடிப்புள்ள வட்டை நிமிர்த்தி வைத்து விளிம்பில் அழுத்தினால், நடுவே கிடைமட்டமாக இழுவிசை உருவாகிச் செங்குத்தாக இரண்டாகப் பிளக்கும். இழுவலிமை 10 மெகாபாஸ்கல் என்றால் 23 கிலோநியூட்டன் போதும், விநாடிக்கு 200 நியூட்டன் ஏற்றினால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். விரிசல் எங்கே வரும் என்பது முன்பே தெரிவதால் கேமராவை வட்டின் தட்டை முகத்துக்கு நேரே குவித்து வைக்கலாம். இரு முகங்களும் உரசாமல் நேராகப் பிரிகின்றன, எனவே வெப்ப ஒளியின் கலப்பு குறைந்து மின்னிறக்கத்தின் பங்கு தெளிவாகும். சில்லும் அதிகம் பறக்காது. இயந்திரத்தின் திரை வெளிச்சத்தைக் கருப்புத் துணியால் மூட மறக்காதீர்கள்.

கேமரா

கையால் குவிக்கும் வசதியுள்ள எந்தக் கேமராவும் சரி. டார்ச் வெளிச்சத்தில் கல்லில் குவித்து, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். தானியங்கிக் குவிப்பு இருட்டில் அலைந்துகொண்டே இருக்கும். துளை எஃப்1.8 அல்லது உங்களிடம் உள்ளதில் மிகப் பெரியது, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, வெளிப்பாடு 20 முதல் 30 விநாடி. ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தொடங்கும்படி தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே இருங்கள். கைபேசியில் புரோ முறையில் இதே அமைப்பு கிடைக்கும்.

வீடியோ எடுப்பவர்கள் ஷட்டரை 1/30 விநாடியில் வையுங்கள். ஒளித்துடிப்பு மில்லிவிநாடிக்கும் குறைவு. 1/1000 வைத்தால் ஷட்டர் மூடியிருக்கும் நேரத்தில் அது வந்து போய்விடும். வீடியோவின் பெரிய நன்மை அதன் ஒலி: ‘டக்’ என்ற விரிசல் சத்தமும் ஒளியும் ஒரே ஃபிரேமில் வந்தால் அது உடைவோடு தொடர்புடையது என்று நம்பலாம். ஒரு மீட்டர் தூரத்தில் ஒலி 3 மில்லிவிநாடிதான் பிந்தும், கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

நீண்ட வெளிப்பாட்டில் உணரியின் சூடான புள்ளிகள் நட்சத்திரம் போலத் தெரியும். அதனால் ஒவ்வொரு அமர்விலும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓவில் அதே நேரத்துக்கு ஐந்து படம் எடுத்து வையுங்கள். அவற்றிலும் அதே இடத்தில் இருக்கும் புள்ளி ஒளி அல்ல. அதோடு, கல்லுக்குப் பதில் ஒரு அலுமினியத் துண்டை வைத்து, அதே சுமை வரை அழுத்தி, அதே அமைப்பில் படமெடுங்கள். அதில் ஒளி தெரிந்தால் உங்கள் பிரஸ்ஸோ அறையோ பொய் சொல்கிறது, அதைச் சரிசெய்யும் வரை கல்லின் படங்களை நம்ப வேண்டாம்.

சாதாரண லென்ஸும் உணரியின் முன்னுள்ள வடிகட்டியும் 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். நைட்ரஜனின் வலுவான வரிகள் எல்லாம் அந்த எல்லைக்குக் கீழே இருக்கின்றன. ஆகவே படத்தில் ஒன்றுமில்லை என்பதால் ஒளியே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. இயற்பியல் துறையில் காமா நிறமாலைமானியின் ஒளிப்பெருக்கிக் குழாய் கிடைத்தால் அந்தப் பகுதியையும் ஓரளவு பார்க்கலாம். ஆனால் உயர்மின்னழுத்தம் இருக்கும்போது அறைவிளக்கு ஒரு நொடி பட்டாலும் குழாய் கெட்டுவிடும். கவசத்தைத் திறக்கும் முன் மின்னழுத்தத்தை அணைப்பதை எழுதிவைத்துக் கடைப்பிடியுங்கள்.

கிடைத்த படத்தை எப்படிப் படிப்பது

கல்லின் விளிம்பிலிருந்து வெளியே நீளும் ஆரஞ்சுக் கோடுகள் பொறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம், தகடு நகர்ந்து இரும்பு தொட்டிருக்கும். தகட்டைப் புரட்டிப் பாருங்கள், ஓட்டை விழுந்திருந்தால் அதுதான் காரணம். விரிசல் கோட்டை ஒட்டிய வெளிறிய நீலமோ வெள்ளையோ மின்னிறக்கம். நொறுங்கிய மாவின் நடுவே மஞ்சள் திட்டு தெரிந்தால் உரசல் வெப்பம். ஆறு துண்டில் இரண்டில் மட்டும் ஒளி கிடைத்தால் அதை வெற்றி என்றே கொள்ளலாம். விரிசல் கேமராவுக்குப் பின்பக்கம் ஓடியிருக்கலாம், அல்லது கல் ஒரே அடியில் உடையாமல் மெல்ல நொறுங்கியிருக்கலாம்.

இந்த ஒளியை நிலநடுக்கத்தோடு இணைத்துப் பேசுவது வழக்கம். ஜப்பானின் மட்சுஷிரோவில் 1965 முதல் 1967 வரை தொடர்ந்த நடுக்கங்களின்போது வானொளி படமெடுக்கப்பட்டது உண்மை. ஆனால் ஆய்வகத்தில் உடையும் கல்லின் நுண்துடிப்புக்கும் மலையடிவாரத்தில் விநாடிக்கணக்கில் நின்ற ஒளிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. பூமிக்குள் ஆழத்தில் நடக்கும் மின்னிறக்கத்தின் ஒளி மேலே வர வழியும் இல்லை. பிரஸ்ஸில் எடுத்த படத்தை வைத்து நிலநடுக்க முன்னறிவிப்பு என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் கல்லின் வகை, எடுத்த இடம், உலர்த்திய முறை, அறையின் ஈரப்பதம், உடைந்த சுமை, கேமரா அமைப்பு, ஒளி வந்த படத்தின் எண் இவற்றை அன்றே எழுதுங்கள். ஒளி வராத துண்டுகளையும் விடாமல் எழுத வேண்டும், ஈரப்பதத்தின் விளைவு அந்த வரிகளில்தான் தெரியவரும். வேலை முடிந்ததும் பொடியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். உரசிய தொட்டித் தண்ணீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கிய மாவை ஈரமாகவே பையில் கட்டிக் கட்டடக் கழிவோடு சேருங்கள். காய்ந்து தூசியாகப் பறக்கும் இடத்தில் கொட்ட வேண்டாம். முகமூடியைக் கடைசியாகக் கழற்றுங்கள்.